கிக்ஆஃபை அடக்கம் செய்த நாள்

கிக்ஆஃப் செத்துப்போகிறதே, அதற்கு ஒழுங்காக ஓர் அடக்கம் பண்ண வேண்டாமா என்று முதலில் கேட்டவன் வெஸ் ஹாலோரன்தான். பிற்பாடு போட்டிகளை நடத்தும் லீக்கிலிருந்து ஆள் வந்து விசாரித்தபோது, "நாங்க எல்லாரும் சேந்துதான் பண்ணோம்" என்று டுலூத் நகர அணிப் பையன்கள் பெருந்தன்மையாகச் சொன்னார்கள். வெஸ்ஸும் அந்த 'எல்லாரும்' என்ற வார்த்தைக்குள் போய்ச் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டான்.

அவன் பிழைப்பே கிக்ஆஃப்தான். அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டம் தொடங்கும்போது ஓர் அணி பந்தை உயரே உதைத்து அனுப்பும். எதிரணியில் ஒருவன் மைதானத்தின் அந்தக் கோடியில் அதைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவான். உதைத்த அணியின் பத்துப் பேர் தலைதெறிக்க ஓடிப்போய், குறுக்கே நிற்பவர்களை மோதித் தள்ளிவிட்டு அவனைச் சாய்க்க வேண்டும். அந்தப் பத்துப் பேரில் முதலில் போய் மோதுகிறவன் வெஸ். அவனுக்குப் பந்தை எறியத் தெரியாது, பிடிக்கவும் வராது. ஆனால் அரை மைதானத்தை ஒரே மூச்சில் கடந்து மனிதச் சுவர் ஒன்றில் கண்ணை மூடாமல் போய் விழுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. பனி கொட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பெயரைக் கத்திக்கொண்டே பீரை மேலே கொட்டிக்கொள்ள ஒரு கூட்டமே இருந்தது.

அந்த ஓட்டத்தைத்தான் லீக் நிறுத்திவிட்டது. அவ்வளவு தூரம் ஓடிவந்து மோதினால் மூளை கலங்குகிறது, கழுத்து ஒடிகிறது என்று டாக்டர்கள் வருஷக்கணக்காகக் கத்தி, ஒருவழியாக முதலாளிகளின் காதில் ஏறியது. புதிய விதிப்படி, உதைப்பவன் மட்டும் பழைய இடத்தில் நிற்பான். மற்ற பத்துப் பேரும் முன்கூட்டியே போய், எதிராளிகளிடமிருந்து ஐந்து கஜம் தள்ளி, முகத்துக்கு முகம் நிற்க வேண்டும். பந்து வந்து இறங்கும்வரை ஒருவரும் அசையக்கூடாது. ஓடிவரத் தூரமில்லாவிட்டால் வேகம் ஏது? வேகம் இல்லாவிட்டால் வெஸ் எதற்கு?

இதே விதி வாழ்வு கொடுக்க இருந்த ஆளும் அதே அணியில் இருந்தான். டெமரி கேட்ஸ், புளோரிடாக்காரன். பந்தைப் பிடித்துக்கொண்டு மறுகோடிவரை ஓடி 'டச் டவுன்' போடுவது அவன் வேலை. ஆனால் சில வருஷங்களாக எதிரணிகளெல்லாம் பந்தை அவன் கைக்கு எட்டாமல் எல்லைக்கோட்டுக்கு அப்பால் உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தன. டெமரி அண்ணாந்து பார்த்துவிட்டு, கையை ஆட்டிவிட்டு, வந்து பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். புதிய விதியில் அப்படி உதைத்தால் உதைத்தவனுக்கே நஷ்டம். இனி எல்லாப் பந்தும் டெமரி கைக்கு வரும்.

இரண்டு பேரும் ஒரே கோடையில் அணிக்கு வந்தவர்கள். தூண்டில் இரை விற்கும் கடைக்கு மேலே ஒரு நாறும் அறையில் ஒன்றாகக் குடியிருந்தவர்கள். டெமரி நியாவைக் கல்யாணம் செய்துகொண்டபோது மாப்பிள்ளைத் தோழனாகப் பக்கத்தில் நின்றவன் வெஸ். வியாழக்கிழமை இரவுச் சாப்பாடு அவனுக்கு அவர்கள் வீட்டில்தான். அந்த மேஜையில் அவனுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது, வேறு யாராவது உட்கார்ந்தால் அந்த வீட்டு நாய் குரைக்கும்.

ஜூன் மாதப் பயிற்சியின் கடைசி நாள் காலையில், கிக்ஆஃப் பிரிவின் கோச் ருஸ்னாக் புதிய விதியைத் திரையில் போட்டு விளக்கினார். விளக்கி முடித்துவிட்டு டெமரியைப் பார்த்துக் கும்பிடாத குறையாகக் கையை விரித்தார்.

"ராசா, இந்த வருஷம் உன் காட்டுல மழைடா. நீ அடிக்கப்போற டச் டவுனை எண்ணவே ஒரு ஆள் போடணும்." பிறகு பார்வை திரும்பியது. "டேய் வெஸ், நீ என்னடா பண்ணப்போற? சும்மா நிக்கவாச்சும் கத்துக்கிட்டியா?"

அறை சிரித்தது. டெமரி எழுந்து வந்து வெஸ்ஸின் தோளில் கைபோட்டான்.

"கோச், இவனைப் பத்திக் கவலையே படாதீங்க. என் பையைத் தூக்கிட்டு வரட்டும். வியாழக்கிழமை சாப்பாடு எப்பவும் போல உண்டு."

அறை சிரிப்பில் வெடித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் வெஸ். சிரித்து முடித்த பிறகும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தான். டெமரி கேலியாகத்தான் சொன்னான், அதில் விஷம் துளிகூட இல்லை. அது வெஸ்ஸுக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சாப்பாட்டுப் பேச்சு நெஞ்சில் போய்க் குத்திக்கொண்டு நின்றது. இவனுக்கு வாழ்வு வருவதற்கு நான் சாக வேண்டுமா என்று நினைத்தான். அப்படி நினைத்ததை மறைக்கத்தான், "அப்ப செத்துப்போன கிக்ஆஃபுக்கு ஒரு அடக்கம் பண்ண வேணாமாடா?" என்று கத்தினான்.

யோசனை தீயாகப் பற்றிக்கொண்டது. பயிற்சி முடிந்து, கோச்சுகள் கிளம்பி, வீடியோ எடுப்பவரும் கேமராவை மூட்டை கட்டிய பிறகு பையன்கள் மைதானத்தின் ஓரத்தில் கூடினார்கள். ஷூ வந்த அட்டைப்பெட்டிதான் சவப்பெட்டி. கிழிந்த பந்து ஒன்றை அதற்குள் கிடத்தி, மேலே ஒரு வாடிய டாண்டிலியன் பூ வைத்தார்கள். பந்தை உதைக்கும் ஹென்ரிக் ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பாதிரியார் ஆனான்.

"சகோதரர்களே, இங்க படுத்திருக்கிற நம்ம கிக்ஆஃப் ரொம்ப வருஷம் வாழ்ந்தார். நல்லவர்னு சொல்ல எனக்கு வாய் வரல. என் ரெண்டு பல்லு இன்னும் இவர்கிட்டதான் இருக்கு."

"ஆமென்!"

"இவரால எத்தனை பேருக்குச் சொந்த மாமியார் பேரே மறந்துபோச்சு. அதுல சில பேருக்கு அது நல்லதுக்குத்தான்."

"ஆமென்! ஆமென்!"

குழி தோண்டிப் பெட்டியைப் புதைத்தார்கள். வெஸ் கண்ணீர் விடுவதுபோல் மூக்கை உறிஞ்சினான். அதன்பின் கடைசி மரியாதை. பழைய முறையில், முழு ஓட்டத்தோடு, ஒரே ஒரு கிக்ஆஃப். ஹென்ரிக் உதைப்பான், டெமரி பிடிப்பான், பத்துப் பேரும் ஓடிவருவார்கள். ஆனால் டெமரியை நெருங்கியதும், யாரும் தொடாமல், சுட்டு வீழ்த்தப்பட்டவர்களைப்போல அப்படியே புல்லில் விழுந்து செத்துவிட வேண்டும். டெமரி பிணங்களைத் தாண்டி நடனமாடிக்கொண்டே போவான். லீக் விதிப்படி ஜூன் மாதப் பயிற்சியில் மோதவே கூடாது. ஒருவன் உடம்பிலும் தோள்கவசம் கிடையாது, அரைக்கால் சட்டையும் ஹெல்மெட்டும்தான்.

பந்து எழும்பியது. வெஸ் ஓடினான். ஏரியிலிருந்து வந்த குளிர்காற்று முகத்தில் அடித்தது. கால்கள் தரையில் பாவவே இல்லை. இந்த ஓட்டம் இனி தன் ஆயுசில் இல்லை என்று தோன்றியது. எதிரே டெமரி பந்தைப் பிடித்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல், காலை ஆட்டி ஆட்டி நடனத்தைத் தொடங்கியிருந்தான். வெஸ்ஸுக்கு இடமும் வலமும் பையன்கள் "ஐயோ!" என்று அலறிக்கொண்டு தொபுக்கடீரென்று விழுந்தார்கள்.

வெஸ் விழவில்லை. விழ நேரம் இருந்தது. நிற்க நேரம் இருந்தது, விலக நேரம் இருந்தது. டெமரியின் பல் தெரிந்தது, பிறகு அந்தப் பல் மறைந்து கண்கள் விரிந்தது தெரிந்தது. அப்போதும் நேரம் இருந்தது. வெஸ் தோளைத் தாழ்த்தினான்.

மற்ற ஒன்பது பேரும் புல்லில் முகம் புதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஹென்ரிக் துண்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கியபோது, டெமரி மல்லாக்கக் கிடந்தான். அவனுடைய இரண்டு கைகளும் ஆகாயத்தை நோக்கி விறைத்து நின்றன. மூளை கலங்கியவனுக்குத்தான் கைகள் அப்படி விறைக்கும் என்று கிக்ஆஃப் ஆடுகிறவர்களுக்குத் தெரியும். ஹென்ரிக் துண்டைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு ஆம்புலன்ஸுக்காக ஓடினான்.

"கால் தடுக்கிருச்சு," என்று வெஸ் சொன்னான். யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்.

மருத்துவமனையில் நியா வந்து அவனைக் கட்டிக்கொண்டாள். அதுதான் அவனால் தாங்க முடியாமல் போனது. செருப்பால் அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"வெஸ், இங்க பாரு. உன் மேல தப்பில்ல. டெமரிக்கு முழிப்பு வந்ததும் அவனே சொல்லிட்டான். புல்லு ஈரமா இருந்துச்சாம், அவன் கால்தான் வழுக்கி உன் குறுக்க வந்து விழுந்துட்டானாம். நீ ஒண்ணும் போட்டு உழப்பிக்காத."

"நியா, நான்..."

"நீ எதாவது சாப்டியா? மத்தியானத்துல இருந்து இங்கயே நிக்கிறியாமே. ஹென்ரிக் சொன்னான்."

அவள் தன் கைப்பையிலிருந்து ஒரு சாண்ட்விச்சை எடுத்துப் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். அவன் அதை வாங்கிச் சாப்பிடவும் செய்தான். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாளே என்று பயந்து, ஒவ்வொரு கடியாக மென்று விழுங்கினான். கூனிக் குறுகி நின்று சாப்பிட்ட அந்தப் பாதி சாண்ட்விச்சை நினைத்தால் பல நாள் அவனுக்குக் காது மடல் சுட்டது.

புல் அன்று காய்ந்து கிடந்தது. ஈரமே இல்லை. டெமரிக்கு நினைவு குழம்பிவிட்டது என்று வெஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மண்டையில் அடிபட்டவன் எதையாவது சொல்வான். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

விசாரித்துவிட்டு லீக், அணிக்குத் தண்டனை கொடுத்தது. ருஸ்னாக், "நான் அங்க இருந்திருக்கணும், தப்பு என்னுது," என்று பத்திரிகைக்காரர்களிடம் தலைகுனிந்து நின்றார். வெஸ் அதை டிவியில் பார்த்தான், பார்த்துவிட்டு சேனலை மாற்றினான். டெமரிக்கு இது மூன்றாவது முறை மூளை கலங்குவது. இனி அவன் ஹெல்மெட் போட்டு ஆடவே கூடாது என்று டாக்டர்கள் ஆகஸ்டில் சொல்லிவிட்டார்கள். காத்திருந்து காத்திருந்து அவனுக்கென்று ஒரு விதி வந்தது. அந்த விதியில் ஒரு பந்தைக்கூட அவன் பிடிக்கப்போவதில்லை.

சீசனுக்கு முன்னால் அணியில் ஆட்களைக் குறைக்கும் நாளில் ருஸ்னாக் வெஸ்ஸைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வீட்டுக்கு அனுப்பத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தான். அனுப்பிவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தான்.

"உக்காரு. உன்னை வெச்சுக்கிறோம்."

"என்னையா? எதுக்கு கோச்?"

"டெமரி இடம் காலியா இருக்குல்ல. வேற ஒரு பையனை எடுக்கலாம்னுதான் இருந்தேன். டெமரிதான் போன் பண்ணான். 'வெஸ்ஸை விட்டுறாதீங்க, அவன் நிக்கக் கத்துக்குவான்'னான். அப்படி ஒரு சிநேகிதன் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்டா நீ."

வெஸ் அன்று சாயங்காலமே டெமரி வீட்டுக்குப் போனான். ஜூனுக்குப் பிறகு ஒரு வியாழக்கிழமையும் அவன் அங்கே தலைகாட்டவில்லை. வாரம் ஒரு சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்திருந்தான். நியா வெளியே போயிருந்தாள். வெளிச்சம் ஆகாது என்று எல்லாத் திரைகளும் இழுத்துவிடப்பட்டிருந்தன. டெமரி வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தான். நாய் வெஸ்ஸைப் பார்த்து வாலை ஆட்டியது.

"மெதுவாப் பேசு," என்றான் டெமரி. "சத்தம் ஆகாது."

"எதுக்குடா கோச்சுக்குப் போன் பண்ண?"

"உனக்கு வேற என்ன வேலை தெரியும்?"

வெஸ் தன் பழைய நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். உட்காரத் தைரியம் வரவில்லை.

"டெமரி, அன்னிக்கு... உனக்குக் கால் வழுக்கல."

"தெரியும்."

"எனக்கும் தடுக்கல."

"அதுவும் தெரியும். நான்தானே எதிர்ல நின்னேன். உன் கண்ணைப் பாத்தேன்." டெமரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "அந்தப் பையைத் தூக்குற பேச்சுக்குத்தானே?"

வெஸ்ஸால் தலையை ஆட்டத்தான் முடிந்தது. ஒரு கிண்டலுக்கு. ஒரே ஒரு கிண்டலுக்கு. வெளியே சொல்லக் கேட்டபோது அது எவ்வளவு அற்பமாக இருந்தது! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அப்புறம் ஏன்டா பொய் சொன்ன?"

"நியாவுக்காக. உன்னைத் தம்பி மாதிரி நெனச்சிருக்கா. எனக்குத் தலை போச்சு, அவளுக்கு மனசும் போகணுமா? உன்னை மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனச்சுக்காத. மன்னிக்கல. காட்டிக்குடுக்கல, அவ்வளவுதான்."

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். நீ சரின்னு சொல்லு, நாளைக்கே சொல்லிடறேன்."

டெமரி முதல்முறையாகக் குரலை உயர்த்தினான். உடனே வலி தாங்காமல் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"என்கிட்ட ஏன்டா கேக்குற? சொன்னாச் சொல்லு, சொல்லாட்டிப் போ. அதுக்கும் நான்தான் சரின்னு சொல்லணுமா? எல்லாத்தையும் நானே சுமக்கணுமா?" பிறகு அடங்கிய குரலில் சொன்னான்: "போய் அந்தப் புது கிக்ஆஃப்ல நில்லு. ஓடாம நின்னா எதிர்ல இருக்கிறவன் மூஞ்சி தெரியும். நின்னு பாரு."

செப்டம்பரில் முதல் ஆட்டம் டுலூத்திலேயே நடந்தது. அரங்கம் பிதுங்கியது. வீரர்களின் குடும்பங்கள் உட்காரும் வரிசையில் நியா இருந்தாள். டெமரியின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, அவனால் வர முடியாததற்கும் சேர்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். "வெஸ்! வெஸ்! டெமரிக்காக ஒண்ணு போடு!" என்று அவள் கத்தியது கீழே கேட்டது. சுற்றி இருந்தவர்களும் கைதட்டினார்கள். அடிபட்ட நண்பனுக்காக ஆடவந்த நல்லவன் என்று டிவிக்காரர்கள் காலையிலேயே அவனைப் பற்றி உருக்கமாகச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் போய் நிற்க அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஹென்ரிக் உதைத்தான். பந்து ஏறியது. பத்துப் பேரும் அசையாமல் நின்றார்கள். இத்தனை வருஷமும் இந்த நேரத்தில் வெஸ் ஓடிக்கொண்டிருந்திருப்பான். காற்றும் இரைச்சலும் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது. இப்போது எதிரே ஒரு புதுப் பையன் நின்றான். ஹெல்மெட் கம்பிகளுக்குப் பின்னால் மீசை சரியாக முளைக்காத முகம். பயத்தில் அவன் உதட்டை நக்கிக்கொண்டான். வெஸ் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தான், திருப்ப இடமில்லை.

பந்து பிடிபட்டது. எல்லாம் ஒரே சமயத்தில் அசைந்தது. வெஸ் அந்தப் பையனைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தான். பழக்கம் கால்களைக் கொண்டுபோய்ச் சரியான இடத்தில் நிறுத்தியது. சுவர் பிளந்தது, பந்தோடு ஓடிவந்தவன் நேராக அவனிடமே வந்தான். நடுவில் யாருமில்லை. தோளைத் தாழ்த்தினால் போதும். ஓடிவந்தவனின் கண்கள் அவனைப் பார்த்து விரிந்தன.

வெஸ் விழுந்தான். யாரும் தொடாமல், யாரையும் தொடாமல், அப்படியே புல்லில் முகம் பதிய விழுந்தான். ஜூனில் எல்லோரும் எப்படி விழுந்தார்களோ அப்படி. ஓடிவந்தவன் அவனைத் தாண்டிக்கொண்டு போய், மைதானத்தின் மறுகோடிவரை தடுக்க ஆளின்றி ஓடி டச் டவுன் போட்டான். அரங்கம் 'ச்சே' என்று ஒரே குரலில் சலித்துக்கொண்டு, பிறகு கூச்சல் போட ஆரம்பித்தது.

அவன் எழுந்து, தலையைக் குனிந்தபடியே ஓரத்துக்கு நடந்தான். ஓரத்தில் ருஸ்னாக் முகம் சிவந்து நின்றார். ஆனால் வெஸ்ஸின் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"என்னடா ஆச்சு? கால் வழுக்கிருச்சா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. அவரே ஒரு சாக்கை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். மேலே நியா எழுந்து நின்று, அவனுக்கு அடிகிடி பட்டுவிட்டதோ என்று கவலையோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெஸ் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"இல்ல கோச். வழுக்கல," என்றான். "ஜூன்ல டெமரிக்கும் வழுக்கல."